அக்தர் பானுவின் மூன்று நிமிடம்

கோவில்பட்டி பஜாரில் பை, பெட்டி, பிளாஸ்டிக் சாமான் விற்கிற பாரூக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தப் பாரூக்கின் மனைவி அக்தர் பானு. ஆள் நல்லவள்தான். கை தாராளம், வாய் கொஞ்சம் கூடுதல். ஆனால் பொறாமை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் அவள் வஞ்சனையில்லாமல் வைத்திருந்தாள். ஊரார் யார் மேலும் கிடையாது. ஒரே ஒருத்தி மேல். கொழுந்தன் ஹக்கீமின் மனைவி, தன் ஓரகத்தி முஹ்சினா மேல்.

வெளியாளுக்கு இது விளங்காது. அப்படி என்னதான் இருக்கிறது முஹ்சினாவிடம்? பானு கழுத்தில் கிடப்பதில் பாதிகூட அவள் கழுத்தில் கிடையாது. கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷமாகியும் பிள்ளை இல்லை. யாரிடமும் எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டாள். ஆனால் பானுவிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. நல்லபடியாகக் கேட்கிற காது.

பானுவின் காது, மகன் நாகூர்கனி பிறந்த வருஷம் வந்த காய்ச்சலோடு மங்க ஆரம்பித்தது. மதுரையில் காட்டினார்கள், திருநெல்வேலியில் காட்டினார்கள், காதுக்கு மிஷினும் வாங்கினார்கள். அதை மாட்டினால் மனுஷப் பேச்சுக்குப் பதிலாக நூல் மில்லுக்குள் நிற்கிற மாதிரி இரைச்சல்தான் கேட்டது. கழற்றி பீரோவில் போட்டுவிட்டாள். அதற்காக மூலையில் உட்காருகிற ஆளா அவள்? எதிரே நிற்பவர் வாய் அசைவதை வைத்தே பேச்சைப் பிடிக்கப் பழகினாள். கனி மழலை பேசப் பழகிய அதே நாட்களில் இவள் அவன் உதட்டைப் படிக்கப் பழகினாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பாடம் படித்தார்கள்.

வளர வளர அம்மாவும் மகனும் சத்தமே இல்லாமல் பேசிக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் ஆண்கள் பக்கம் அவன் நிற்பான், பெண்கள் பக்கம் இவள். அங்கிருந்து வாயை மட்டும் அசைப்பான். "மாப்பிள்ளை முழிக்கிற முழியைப் பாருங்கம்மா." இவள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்குவாள். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இவளுக்கு என்ன வந்தது என்று தெரியாது. முஹ்சினாவுக்கும் தெரியாது. அந்த நாட்களில் பானு யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்கள் வாயெல்லாம் அவ்வளவு லேசில் சிக்காது. பாரூக்கின் தாடி மீசைக்குள் உதட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் பேசி முடித்துவிடுவார். வெளியூர்க்காரர் பேச்சும் நழுவிவிடும். நம்ம பக்கத்துப் பேச்சு, மழித்த முகம் என்றால் ஒரு வார்த்தை தப்பாது.

கனி படிப்பை முடித்துக் கடல் தாண்டி ஒரு நாட்டுக்குக் கணக்கு வேலைக்குப் போனான். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்டில் முகம் பார்த்துப் பேசுகிற போன் பேச்சுக்கெல்லாம் தடை. சும்மா சாதாரண போனில் குரல் மட்டும் பேசலாம். அவனோடு அறையில் இருந்த பையன் ஏதோ கள்ள வழியில் வீடியோ பேசி மாட்டிக்கொண்டு, அபராதம் கட்டி ஊருக்கு அனுப்பப்பட்டான். அதற்குப் பிறகு கனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எப்போதாவது தன்னை வீடியோ எடுத்து அனுப்புவான். அதில் அவன் உதடு அசையும், இவளும் படிப்பாள். ஆனால் இவள் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் அந்தப் படத்திலிருந்து என்ன பதில் வரும்? எழுதிக் கேட்டால் "ம்" என்று வரும், "சரிம்மா" என்று வரும். எழுத்தில் கஞ்சன் அவன்.

போன் வரும்போது நடப்பதுதான் கொடுமை. பானு வாங்கி, "கனி, சாப்பிட்டியாலே? ஒடம்பைப் பாத்துக்கோ" என்று தன் பங்குக்குக் கத்திவிட்டு, போனை முஹ்சினாவிடம் கொடுக்க வேண்டும். பாரூக்கும் ஹக்கீமும் அந்நேரம் கடையில் இருப்பார்கள். முஹ்சினா கேட்டுச் சொல்ல வேண்டும். அவள் கேட்பாள், கேட்டுக்கொண்டே இருப்பாள். தலையை ஆட்டுவாள். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். போனை வைத்ததும் பானு பிடித்துக்கொள்வாள்.

"என்னட்டி சொன்னான்?"

"நல்லா இருக்கானாம்க்கா. அங்கன வெயில் சாஸ்தியாம்."

"வெயிலுக்கா இப்படிச் சிரிச்சே?"

"அது சும்மாக்கா. ஆபீஸ்ல ஏதோ கூத்தாம். சொன்னா விளங்காது."

பானுவுக்கு வயிறு பற்றி எரியும். பெற்றவள் நான், கூத்து உனக்கா? அரை மணி நேரம் பேசியதை இரண்டே வாக்கியத்தில் அடக்கிக் கொடுக்கிறாளே, மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறாள்? முஹ்சினா சமைக்கும்போது தானாகச் சிரித்தால், அது கனி சொன்ன கூத்தை நினைத்துத்தான் என்று பானு முடிவுகட்டிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தச் செய்தி வந்தது. அதற்கு முன் பானு கையில் ஒரு கம்பெனிப் பங்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். குறுமலை சிஸ்டம்ஸ் என்று சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அதைத் தொடங்கியவர் நம்ம கரிசல்காட்டுப் பக்கத்து ஆள். ஊர்க்காரன் கம்பெனி என்ற பெருமையில், அது பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது கோவில்பட்டியில் பல பேர் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினார்கள். பானுவின் மாமனார் பிச்சை முகம்மதும் வாங்கினார். மூத்த மருமகள் ராசிக்காரி என்று அவள் பேரில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்தார். பானுவுக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை.

வருமான வரி எழுதிக் கொடுக்கிற யோகராஜ்தான் ஒருநாள் கடைக்குப் பேப்பரோடு வந்து, பாரூக்கைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நல்லவேளை, அவருக்கு மீசை கிடையாது.

"மதினி, ஒங்க மகன் இருக்கிற நாட்டுல இந்த வீடியோவை எல்லாம் மறிக்கிறது யாரு தெரியுமா? நம்ம குறுமலைக் கம்பெனிதான். சல்லடைன்னு ஒரு சாப்ட்வேர். எந்தப் பேச்சு உள்ள போகணும், எந்தப் பத்திரிகையைப் படிக்கலாம், எவன் எழுதினதை நிறுத்தணும், எல்லாத்துக்கும் அந்தக் கவர்மெண்டு கையில பட்டனைக் குடுத்தது இவங்கதான். எழுதினவங்க சில பேரைப் புடிச்சு உள்ள வச்சிருக்காங்களாம். மெட்ராஸ்ல பங்கு வச்சிருக்கிற கொஞ்சப் பேரு சேந்து, இதைக் கம்பெனிக் கூட்டத்துல கேக்கப் போறாங்க. நீங்களும் பங்குதாரர்தான். ஒங்களுக்கும் கேக்க உரிமை இருக்கு."

பானு அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகனையும் தன்னையும் பிரித்த சல்லடையில் தனக்கும் பங்கு இருக்கிறது என்பது அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. ஏனென்றால் முஹ்சினா பேரில் ஒரு பங்குகூடக் கிடையாது. இந்தக் கூட்டத்தில் பேச வேண்டியவள் அக்தர் பானு மட்டும்தான்.

கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் இப்போதெல்லாம் வீடியோ வழியாகப் போனிலேயே நடக்கிறது. பேச விரும்புகிற பங்குதாரர் முன்கூட்டியே பேர் கொடுத்தால், ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். யோகராஜ் பேர் கொடுத்தார். பானு என்ன பேச வேண்டும் என்று தானே எழுதினாள். காது போனது, கனியின் உதட்டைப் பார்த்துப் பேசப் பழகியது, இப்போது அதுவும் போனது, சல்லடையை எடுங்கள். அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பேர் கூப்பிடும்போது இவளுக்குக் கேட்காது என்பதால், பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டுவதற்கு மட்டும் முஹ்சினா. வேறு வேலை அவளுக்கு இல்லை என்று பானு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கூட்டத்தன்று பானு கல்யாணச் சேலையைக் கட்டி, முக்காட்டுக்குப் பின் குத்தி, போனுக்கு முன்னால் அமர்ந்தாள். சேர்மன் பேசினார், யார் யாரோ பேசினார்கள். பாதிப்பேர் சேர்மனை வாழ்த்திவிட்டுப் போனார்கள். முஹ்சினா தொடையில் தட்டினாள். பானு காகிதத்தை எடுத்துக் கணீரென்று படிக்கத் தொடங்கினாள். அவள் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும், கம்பெனிக்கு மட்டும் கேட்கவில்லை. போனில் மைக் அடைத்திருந்தது. அங்கிருந்து ஒரு பெண் குரல், "உங்கள் மைக்கைத் திறங்கள், உங்கள் மைக்கைத் திறங்கள்" என்று கெஞ்சியிருக்கிறது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் இல்லை, பேரின் முதல் எழுத்து மட்டும்தான் இருந்தது. எழுத்துக்கு ஏது உதடு? பானு படித்துக்கொண்டே போனாள். முஹ்சினா தோளைத் தட்டினாள், கையைப் பிடித்தாள். "சும்மா இருட்டி" என்று பானு உதறினாள். அடுத்த ஆளைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முஹ்சினா போனைப் பறித்து, மைக்கைத் திறந்து, தானே பேச ஆரம்பித்துவிட்டாள்.

எதிர்த்து ஒரு சொல் பேசாதவளுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததோ.

"ஐயா, ஒங்க கம்பெனில எங்களுக்குப் பங்கு இருக்கு. எங்க புள்ளை அந்த நாட்டுல இருக்கான். அவன் முகத்தைப் பாத்துப் பேசி எவ்வளவு காலமாச்சு தெரியுமா? எங்க வழக்கத்துல பக்ரீதுக்கு ஒரு மாட்டுல ஏழு பேரு பங்கு சேருவோம். அதுல ஒருத்தர் நிய்யத்து, அதான் மனசுல வைக்கிற எண்ணம், சரியில்லாம வெறும் கறிக்காகச் சேந்திருந்தா, மத்தவங்க குர்பானியும் செல்லாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாங்க. பங்குன்னா அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். அப்போ ஒரு தாய் வாயையும் புள்ளை வாயையும் நீங்க அடைச்ச பாவம் எங்க தலைலயும்தான விழுது? லாபத்துல எம்புட்டுப் பங்குன்னு அறிக்கைல போட்டிருக்கீங்க. பாவத்துல எம்புட்டுன்னு போடலியே?"

பானு பக்கத்தில் இருந்து பக்கவாட்டில் அந்த உதட்டைப் படித்தாள். எல்லாம் பிடிபடவில்லை. "எங்க புள்ளை" என்பது மட்டும் தெளிவாகப் பிடிபட்டது. எங்க புள்ளையாமே!

சேர்மன் சிரித்து, பங்குதாரரின் உணர்வை மதிப்பதாகவும், அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான் கம்பெனி நடப்பதாகவும் சொன்னார். வெளிநாட்டு வியாபாரத்தைப் பார்க்கிற இயக்குநரைத் திரும்ப நியமிக்கக் கூடாது என்று சென்னைக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள், பானுவும் போட்டாள். எதிர் ஓட்டு ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. அவர் ஜம்மென்று திரும்ப வந்தார்.

கூட்டம் தோற்றது. ஆனால் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யோகராஜ் தன் போனில் அந்தப் பேச்சைப் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, அது நாலாயிரம் பேருக்குப் போய்விட்டது. 'பாவத்தில் எத்தனை பங்கு? கேள்வி கேட்ட கோவில்பட்டி அக்தர் பானு' என்று திரையில் தெரிந்த பேரை வைத்து யாரோ கீழே எழுதியிருந்தார்கள். மேலே முஹ்சினாவின் முகம்.

பேர் பானுவுடையது, முகம் அவளுடையது. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து முஹ்சினாவுக்கு இடம் கொடுத்து, "நீங்கதான பானு அக்கா?" என்று கேட்டாள். பக்கத்தில் நிஜமான பானு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இல்லம்மா, இவிய..." என்று முஹ்சினா தொடங்குவதற்குள் அந்தப் பெண் செல்பி எடுத்துவிட்டாள். கனியிடமிருந்து போன் வந்தது. முஹ்சினா கேட்டாள், வெட்கப்பட்டாள், கண்ணைத் துடைத்தாள். "என்ன சொன்னான்?" என்று பானு கேட்கவே இல்லை. கேட்டால் "நல்லா இருக்கானாம்க்கா" என்பாள். இவளுக்குத் தெரியாதா?

அந்த வாரம் முழுக்க பானு சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். இரண்டு காதையும் கொடுத்து, அதற்கு மேல் அப்படி ஒரு வாயையும் கொடுத்திருக்கிறானே அல்லா, எனக்கு மட்டும் என்ன கணக்கு என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டதற்காக அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்தாள். மறுபடி கேட்டாள்.

அப்படி இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்தார். பேர் மாரிசெல்வம். பங்குதாரர் குறைகளைக் கவனிக்கிற அதிகாரி. சென்னைக்காரரை அனுப்பினால் சரிப்படாது என்று கடம்பூர்க்காரரைப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். அவரும் மறக்காமல் கடம்பூர் போளி ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். மழுமழுவென்று மழித்த முகம். ஊருக்கு வந்துவிட்டோம் என்ற குஷியில் ஆபீஸ் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு, வாய் நிறைய ஊர்ப் பேச்சு பேசினார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

உள்ளே வந்ததும் முஹ்சினாவைப் பார்த்து, "பானு அக்கா, ஒங்களை வீடியோல பாத்துட்டு எங்க அம்மா அழுதுட்டாங்க" என்றார். முஹ்சினா மறுக்க வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள். பானு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். நிற்கிறவள் யாரென்று அவர் கேட்கவில்லை. பானுவின் கண் அவர் உதட்டில் இருந்தது.

"அக்கா, பெரிய எடத்துல பேசிட்டுத்தான் வந்திருக்கேன். அந்த நாட்டுல எங்க ஆளுங்க இருக்காங்க. ஒங்க மகன் நம்பரையும் ஒங்க நம்பரையும் மட்டும் தனியாத் தொறந்து விட்டுருவோம். அனுமதியோடதான், அவருக்கு ஒரு பிரச்சினையும் வராது. தெனமும் முகத்தைப் பாத்துப் பேசிக்கிடலாம். அடுத்த வருசம் கூட்டத்துல பேரு குடுக்க வேண்டாம். யாராவது கேட்டா, எங்க குறை தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லிருங்க. போதும்."

பானு சுவரோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். கனியின் முகம்! அந்த மேலுதட்டு மச்சம், பேசத் தொடங்கும் முன்னால் உதட்டை நனைக்கிற பழக்கம், எல்லாம் இதோ இந்த ஆளின் கையில் இருக்கிறது. உடனே முஹ்சினாவைப் பார்த்தாள். முஹ்சினாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் உதடு மெதுவாக அசைந்தது.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. போன்ல பேசிக்கிடுதோம். எங்களுக்கு அது போதும்."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"யோசிக்க ஒண்ணுமில்ல."

பானு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரிக் கேட்டாள். "என்னட்டி சொல்லுதாரு?"

முஹ்சினா திரும்பி, வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பானுவுக்குப் புரிகிற மாதிரி உதட்டை அசைத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா விசாரிச்சுட்டுப் போக வந்திருக்காரு."

இத்தனை காலமும் இந்த வீட்டில் பொறாமைக்காரி தான் ஒருத்திதான் என்று பானு நினைத்திருந்தாள். அப்போதுதான் தெரிந்தது. வீடியோ திறந்துவிட்டால் கனியின் பேச்சுக்கு முஹ்சினாவின் காது வேண்டாம். அந்தச் சிரிப்பு, அந்தக் கூத்து, சித்தியை "சாச்சி" என்று கூப்பிடுகிற அந்தக் குரல், எல்லாம் அன்றோடு நின்றுவிடும். பிள்ளை இல்லாதவள், பானு பெற்ற பிள்ளையைக் காது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பிள்ளையாக்கி வைத்திருக்கிறாள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. பானுவுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் கூடுதல்.

"நான்தான் அக்தர் பானு" என்றாள், வழக்கத்தைவிடச் சத்தமாக. "கனி எம் மகன். எனக்குக் காது கேக்காது. ஆனா நீங்க பேசினது அம்புட்டையும் பாத்துட்டேன்."

மாரிசெல்வம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, அதே பேச்சை பானுவிடம் முதலிலிருந்து சொன்னார். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நாளைக்கே பாக்கலாம்."

சரி என்ற வார்த்தை பானுவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவளைப் பெரிய தியாகி என்று நினைக்க வேண்டாம். சொல்லத்தான் போனாள். ஆனால் இரண்டு நினைப்பு குறுக்கே வந்தது. ஒன்று, கேட்ட மாத்திரத்தில் தனக்கு மட்டும் திறக்க முடிகிற ஆள்தானே அத்தனை பேருக்கும் மூடியிருக்கிறான். இன்னொன்று அவ்வளவு உயர்ந்த நினைப்பு இல்லை. கனியின் முகம் நாளைக்கு வந்தால், அது முஹ்சினா பேசி வாங்கிக் கொடுத்த முகம் என்றுதான் பஜார் முழுக்கச் சொல்லும். கனியும் அப்படித்தான் நினைப்பான்.

"தம்பி, ஒரு விரல்ல தொறக்க முடியும்னா, ஒரு விரல்லதான மூடியும் வச்சிருக்கீங்க? அங்கன எழுதினதுக்காக உள்ள கெடக்கானுவளே, அவனுவளுக்கும் அம்மா இருப்பாதான? எல்லாருக்கும் தொறங்க. எனக்கு மட்டும் வேண்டாம். அடுத்த வருசமும் பேரு குடுப்பேன். நானே பேசுவேன்."

அவர் போளிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பானு அடுப்படிக்குள் போய், தன் போனைக் கையில் பிடித்தபடி அம்மி மேல் உட்கார்ந்தாள். மகன் முகத்தைத் தானே வேண்டாம் என்று சொன்னது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுகை வந்தது. முஹ்சினா வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. பானுவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான்..." என்று உதட்டை அசைத்தாள்.

காது கேட்காதவளுக்கு ஒரு வசதி உண்டு. கண்ணை மூடினால் போதும், எதிராளி பேச்சு அங்கேயே நின்றுவிடும். பானு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். முழங்காலைப் பிடித்திருந்த கை உலுக்கியது, அவள் திறக்கவில்லை. அந்த நேரம் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கனி கூப்பிடுகிற நேரம். முஹ்சினாவின் விரல்கள் போனைத் தேடி வந்தன. பானு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. போன் அவள் கைக்குள்ளேயே அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.